ஆங்கிலம் அறிவோம்: ‘சிப் இன்’



மஹல்லாவில் ஒருவருடைய மருத்துவச் செலவுக்குப் பணம் சேர்க்கிறோம். ஒருவர் 50 ரூபாய் தருகிறார், இன்னொருவர் 1,000 ரூபாய் தருகிறார். கையில் பணம் இல்லாதவர் இரவில் நோயாளிக்குத் துணையாக இருக்கிறார். மூவரும் செய்ததை ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘சிப் இன்’ என்பார்கள். பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் தம்மால் முடிந்த பங்கைப் போடுவது என்று பொருள். கடந்த காலத்தில் ‘சிப்ட் இன்’ என்று வரும்.

‘சிப்’ என்றால் சிறு துண்டு, ‘இன்’ என்றால் உள்ளே. இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும் முறை:

1. எதற்காக என்று சொல்ல ‘ஃபார்’ சேர்க்கவும். ‘வீ ஆல் சிப்ட் இன் ஃபார் எ வீல்சேர்’: சக்கர நாற்காலி வாங்க எல்லோரும் பங்கு போட்டோம்.

2. எதைக் கொடுத்தார் என்று சொல்ல ‘வித்’ சேர்க்கவும். ‘ஹீ சிப்ட் இன் வித் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’: அவர் 500 ரூபாய் கொடுத்தார்.

3. பேச்சின் நடுவே தன் கருத்தைச் சொல்வதற்கும் இதே சொல் வரும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம், சக ஊழியருக்குப் பரிசு வாங்க ‘கேன் யூ சிப் இன்?’ என்று கேட்பார்கள். இது கட்டளையல்ல. இதில் குறிப்பிட்ட தொகை எதுவும் இல்லை. கூச்சத்தில் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ‘ஹவ் மச் இஸ் எவ்ரிஒன் சிப்பிங் இன்?’ என்று கேட்டு, இயன்றதைக் கொடுத்தால் போதும்.

இதனால்தான் ஜகாத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. நிஸாப் அளவை எட்டிய பணத்துக்கு ஓராண்டு நிறைந்தால் 2.5 சதவீதம் கொடுப்பது கடமை. பெறத் தகுதியுள்ள 8 பிரிவினரையும் குர்ஆனே வரையறுத்துள்ளது. விரும்பியதைப் போடும் சந்தா அல்ல அது. பலர் சேர்ந்து கொடுக்கும் சதகாவுக்கு ‘சிப் இன்’ பொருந்தும்.

மாணவர்கள் கவனிக்க: இது பேச்சுச் சொல். உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘மை அங்கிள் சிப்ட் இன்’ என்று எழுதாமல் ‘கான்ட்ரிபியூட்டட்’ என்று எழுதுங்கள். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘சிப்ட் இன்’ என்றே எழுதலாம்.

பயிற்சி: ‘பள்ளிவாசலைச் சுத்தம் செய்ய இளைஞர்கள் எல்லோரும் கைகொடுத்தார்கள்.’ இதை இன்று வீட்டில் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.