சைனை வகையிட்டால் கொசைன்: முதலில் கண்டவர் யார்?

கேள்வி: சைனின் வகைக்கெழு கொசைன் என்று பிளஸ் ஒன்னில் உருப்போடுகிறோம். இதைக் கண்டுபிடித்தது நியூட்டனா?

பதில்: நியூட்டனுக்கு வெகு முன்பே வானியல் கணக்கர்களின் கையில் இது சிக்கிவிட்டது. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் ஒரு சைன் அட்டவணை உண்டு. 90 டிகிரியை 24 பங்காக்கி, அடுத்தடுத்த சைன்களுக்கு இடையிலான வித்தியாசங்களை மட்டும் ஆரியபட்டர் தருகிறார்: 225, 224, 222, 219 என்று தொடங்கி 37, 22, 7 என்று முடியும். முதல் எட்டையும் கூட்டினால் 1719. அதுதான் 30 டிகிரிக்கான சைன். அவர் எடுத்துக்கொண்ட ஆரமான 3438இல் சரிபாதி.

இப்போது 60 டிகிரிக்கு வாருங்கள். அதற்கு முந்தைய வித்தியாசம் 119, பிந்தையது 106. சராசரி 112.5, அதாவது முதல் வித்தியாசமான 225இல் பாதி. 60 டிகிரியின் கொசைனும் பாதிதானே! சைன் வளரும் வேகம் கொசைனைப் பொறுத்தது என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் சித்தாந்த சிரோமணியில், ஒரு கணத்தில் கிரகம் நகரும் வேகத்தைக் கணிக்க இந்த உறவையே பயன்படுத்தினார். ஆனால் ‘எல்லை’ என்ற கருத்தோ பொதுவான வகையிடல் முறையோ அவர்களிடம் இல்லை. ஐரோப்பாவில் இந்த விதி, ரோஜர் கோட்ஸ் இறந்தபின் 1722இல் வெளியான அவரது நூலில் அச்சேறியது.

கேள்வி: கோணத்தை டிகிரியில் வைத்து வகையிட்டால் விடை ஏன் தப்பாகிறது?

பதில்: பை வகுத்தல் 180, அதாவது சுமார் 0.01745 என்ற பெருக்கல் எண் கூடவே ஒட்டிக்கொள்ளும். ரேடியனில் அது 1 ஆகிவிடும். ஆரியபட்டரின் 3438க்கும் இதுவே காரணம். வட்டச் சுற்றளவு 21,600 கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), பை 3.1416 என்று கொண்டால் ஆரம் 3438 கலை. வில்லுக்கும் ஆரத்துக்கும் ஒரே அலகு என்பதால்தான் 225 கலை வில்லின் சைனும் 225 என வருகிறது.

கேள்வி: வகைக்கெழுச் சமன்பாட்டில் சைன் எப்படி நுழைந்தது?

பதில்: அதே அட்டவணையில் வித்தியாசங்கள் குறைவதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 1, 2, 3, 4. கடைசியில் 15, 15. சைன் பெருகப் பெருக இந்தக் குறைவும் பெருகுகிறது. இருமுறை வகையிட்டால் சைன், மைனஸ் குறியோடு திரும்பி வரும் என்பதன் எண் வடிவம் இது. இந்தத் தொடர்பை நீலகண்ட சோமயாஜி விளக்கியிருக்கிறார். அலைவுகளின் சமன்பாட்டை வகை நுண்கணித முறையில் எழுதி, சைன், கொசைனால் 1739இல் தீர்த்தவர் ஆய்லர்.

தேர்வுக்கும் இது கைகொடுக்கும். இரண்டாம் வகைக்கெழு, அதே சார்பின் மைனஸ் நான்கு மடங்கு என்று கேள்வி வந்தால், இரட்டைக் கோணத்தின் சைனையும் கொசைனையும் எழுதுங்கள். இருமுறை வகையிட்டு மைனஸ் நான்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.