கடை அடைக்கும் முன் ஐந்து நிமிடம்

இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறோம். ஆனால் கடையில் பாதி நம் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் செக் ஞாபகம், படுத்தால் பாக்கி ஞாபகம். மளிகை வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் வெளியூர் பார்ட்டி ஒருவர் நமக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. அன்றைக்கே அகோலாவிலிருந்து துவரம் பருப்பு லோடு இறங்க வேண்டும். லாரிக்காரரோ போனை எடுக்கவில்லை. அந்த நிலையில் வீட்டுக்குப் போனோம். பேரன் மார்க் அட்டையை நீட்டினான். வாங்கிக்கூடப் பார்க்காமல் எரிந்து விழுந்தோம். நல்ல மார்க் என்பது காலையில்தான் தெரிந்தது. அதன்பின் அவன் அட்டையைப் பாட்டியிடமே காட்டுகிறான்.

நாள்வழி எழுதி, ரொக்கத்தைச் சரிபார்த்துவிட்டால் மனம் ஓய்ந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அது பாதிதான் சரி. நாள்வழியில் ஏறுவது முடிந்த விஷயம். தூக்கத்தைக் கெடுப்பது முடியாத விஷயம். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இளவயதினர் 57 பேரில் ஒரு பகுதியினரைப் படுக்கும் முன் 5 நிமிடம், முடித்த வேலைகளை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களை இனிச் செய்ய வேண்டியதை எழுதச் சொன்னார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்களிலும் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

ஆகவே கணக்கு முடிந்ததும் மறுநாள் வேலையை ஒரு சீட்டில் எழுதவும். 'வசூல்' என்று மொட்டையாக எழுதிப் பயனில்லை. யாரிடம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, போவது நாமா கடைப் பையனா என்று எழுத வேண்டும். செக் திரும்பியிருந்தால், 'காலை பாங்கில் மெமோ, பிறகு வக்கீல்' என்று எழுதவும். பாங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதால் கடைசித் தேதியையும் அதிலேயே குறிக்கவும்.

சீட்டைக் கல்லாவில் வைத்துப் பூட்டவும். சட்டைப் பையில் வேண்டாம். செல்போனில் எழுதுவதும் நமக்குச் சரிப்படவில்லை. திறந்த உடனே வாட்ஸப்பில் விலை நிலவரம் வந்து நிற்கிறது.

சீட்டு எழுதினால் பணம் வந்துவிடாது. அந்தப் பார்ட்டியிடம் பாதித் தொகை இன்னும் நிற்கிறது. எழுதியும் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் போய் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்ளவும். கடையை அரை நாள் பையனிடம் விட்டுப் போகலாம்.