பெட்டியில் உள்ள காற்றும் சுவரில் வரும் காற்றும்

அரிசியை நிறுத்துக் கொடுக்கிறோம். துணியை அளந்து கொடுக்கிறோம். எக்ஸோஸ்ட் பேனை மட்டும் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி விற்கிறோம். பொருத்துகிறவரும் சுவிட்சைப் போட்டு, சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியை வாங்கிச் செல்கிறார். சில மாதங்களில் குளியலறை சீலிங்கில் கறுப்புப் பூஞ்சணம் படிகிறது. வாடிக்கையாளர் பேனைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வருகிறார். மேசையில் வைத்து ஓட்டினால் நன்றாகத்தான் ஓடுகிறது! நாம் பொருத்தியவரைக் குறை சொல்ல, அவர் பேனைக் குறை சொல்ல, மூவருக்கும் மனக்கசப்பு. என் கடையில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரே வழி, பொருத்திய இடத்திலேயே காற்றை அளப்பதுதான்.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2010 ஒக்டோபர் முதல் அங்கு புதிய வீடுகளில் பொருத்தப்படும் பேன்களின் காற்றோட்டத்தை அளந்து, அந்த எண்ணைக் கட்டட மேற்பார்வை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் ஓடும் பேன்களுக்கான ஆகக்குறைந்த அளவுகள், செக்கனுக்கு லீற்றர் கணக்கில்:

மலசலகூடம் - 6
குளியலறை - 15
குசினி, அடுப்புக்கு மேல் ஹூட் இருந்தால் - 30
குசினி, பேன் வேறிடத்தில் இருந்தால் - 60

நமது பெட்டிகளில் பெரும்பாலும் மணித்தியாலத்துக்குக் கன மீற்றர் என்றே இருக்கும். அதை 3.6 ஆல் பிரித்தால் செக்கனுக்கு லீற்றர் வரும். 4 அங்குலப் பேன் ஒன்றில் 85 என்று போட்டிருந்தால், அது ஏறக்குறைய 23.6 லீற்றர். குளியலறைக்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் அது குழாய் எதுவும் பூட்டாமல், தடையின்றி ஓடும்போது கிடைக்கும் அளவு.

வீட்டில் ஏன் குறைகிறது?

வளையும் குழாயை இழுத்து நீட்டாமல் சுருக்கமாக விட்டால், அதன் மடிப்புகள் காற்றைத் தடுக்கும். ஒவ்வொரு வளைவும் தடை. வெளிச்சுவரில் உள்ள மூடி சரியாகத் திறக்காவிட்டால் அதுவும் தடை. பலரும் மறப்பது கதவைத்தான். வெளியே போகும் அளவு காற்று உள்ளே வர வேண்டுமல்லவா? 760 மில்லிமீற்றர் அகலக் கதவின் அடியில், முடிந்த தரைக்கு மேல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடும்படி இங்கிலாந்து வழிகாட்டி சொல்கிறது.

அளப்பது எப்படி?

கடதாசித் துண்டைக் கிறிலில் ஒட்டவைத்துப் பார்ப்பது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும். எவ்வளவு போகிறது என்பதைக் காட்டாது. இதற்கான கருவி, சிறு சக்கரம் சுழலும் அனிமோமீற்றர். அதனுடன் பேனை முழுவதும் மூடும் ஹூட் ஒன்றும் வேண்டும். வெறும் கருவியைக் கிறிலில் பிடித்தால் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும்.

1. ஜன்னல்களையும் கதவுகளையும் மூடுங்கள். காற்று வர வைத்த துவாரங்களைத் திறந்து விடுங்கள்.
2. பேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, இடைவெளி இல்லாமல் ஹூட்டைப் பொருத்துங்கள்.
3. எண் நிலைத்த பின் குறித்துக்கொள்ளுங்கள்.
4. கருவி வேகத்தை மட்டும் காட்டினால், ஹூட் வாயின் பரப்பால் பெருக்குங்கள். 100 மில்லிமீற்றர் வட்ட வாயில் செக்கனுக்கு 2 மீற்றர் வேகம் என்றால், ஏறக்குறைய 15.7 லீற்றர்.
5. ஹூட்டே சற்றுத் தடையாகும். குறிப்பாக, சிறிய பேன்களில் எண் குறைத்துக் காட்டும். கருவியுடன் தரும் திருத்த அட்டவணையைப் பாருங்கள்.

தராசுக்கு முத்திரை போல, இக்கருவியையும் வருடத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பிக்க வேண்டும்.

வியாபாரிக்கு என்ன இலாபம்?

கருவிக்குச் செலவுண்டு என்பது உண்மைதான். மின் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். கடைக்காரர் வாங்கி நாள் வாடகைக்கும் கொடுக்கலாம். அளந்த எண், திகதி, குழாயின் நீளம், வளைவுகள் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி, வாடிக்கையாளரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள். நாளை முறைப்பாடு வந்தால் மறுபடி அளந்தால் போதும். எண் மாறாவிட்டால் கதவிலோ பாவனையிலோ காரணத்தைத் தேடலாம். குறைந்திருந்தால் முதலில் தூசியையும் வெளி மூடியையும் பாருங்கள். பிறகுதான் பேனைச் சந்தேகிக்க வேண்டும்.

விற்கும்போதே "குழாய் எத்தனை அடி, எத்தனை வளைவு?" என்று கேளுங்கள். நீண்ட குழாய்க்குச் சாதாரண பேன் போதாது. அழுத்தம் கூடிய சென்ட்ரிபியூகல் வகையைக் காட்டுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது கடைக்குத் திரும்பி வராது. பெட்டியின் எண்ணுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு; சுவரில் வரும் எண்ணுக்கு விற்றவரும் பொருத்தியவரும்தான் பொறுப்பு.