ஒரு மருந்து, இரு பணிகள்

சென்ற ஆண்டு எனக்கு ஈறு சிகிச்சை நடந்தது. வாய் கொப்பளிக்க ஒரு நீர்மத்தைப் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நாள்தோறும் பற்பசையால் துலக்கிய கையோடு அதனைக் கொப்பளித்து வந்தேன். மறுமுறை சென்றபோது, "அம்மா, மருந்தை வீணாக்கிவிட்டீர்களே!" என்றார் அவர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நான், புட்டியின் மேலிருந்த குறிப்பைப் படிக்கத் தவறியதை எண்ணி நாணினேன். அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

அம்மருந்தின் பெயர் குளோர்ஹெக்சிடின். இங்கிலாந்தில் ஆராயப்பட்டு, 1954-ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. முதலில் தோலைத் தூய்மை செய்யவே பயன்பட்டது. 1970-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 0.2 விழுக்காடு கரைசலில் 10 மில்லி லிட்டரை நாளைக்கு இருமுறை கொப்பளித்தால் பற்களில் அழுக்குப் படலம் படிவதும் ஈறு வீங்குவதும் தடுக்கப்படுகின்றன எனக் காட்டினர்.

இது செயற்படும் முறை யாது? பாக்டீரியாவின் மேற்புறம் எதிர் மின்னூட்டம் உடையது. மருந்தின் மூலக்கூறோ நேர் மின்னூட்டம் உடையது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். அவ்வாறே மருந்து பாக்டீரியாவைப் பற்றிக்கொண்டு அதன் சவ்வைச் சிதைக்கிறது. மருந்தின் அளவு குறைவாயின், உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலியன கசிந்து வளர்ச்சி தடைப்படும். அளவு மிகுந்தால், உள்ளிருக்கும் பொருள் திரிந்து உறைய, பாக்டீரியா மடியும்.

இம்மருந்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. உமிழ்ந்த பின்னரும் அது பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டியிருந்து, பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. காலை, இரவு என இருமுறை போதும் என்பதன் காரணம் இதுவே.

இனி என் பிழைக்கு வருவோம். பற்பசையில் நுரை தரும் பொருள் எதிர் மின்னூட்டம் உடையது. வாயில் அது எஞ்சியிருப்பின் மருந்து அதனோடு பிணைந்து வலுவிழக்கும். ஆகவே பல் துலக்கி, நன்கு கழுவி, அரைமணி நேரமேனும் கழித்துக் கொப்பளித்தல் வேண்டும். மருத்துவர் குறித்த நாள்களுக்கு மேல் தொடர்தல் கூடாது. நெடுநாள் பயன்படுத்தினால் பல்லிலும் நாவிலும் பழுப்புக் கறை படியும்; சுவையுணர்வு மாறும்; பற்காரையும் மிகும். தேநீர், காப்பி அருந்துவோருக்குக் கறை இன்னும் மிகும். சில புட்டிகளில் ஆல்கஹால் கலந்திருக்கும். அதனை விலக்க விரும்புவோர், கலவாத வகையைக் கேட்டு வாங்கலாம்.

தோலுக்குரிய கரைசல் வேறு. அறுவை சிகிச்சைக்கு முன் தோலில் பூசுவது பெரும்பாலும் 2 விழுக்காடு மருந்தும் 70 விழுக்காடு ஆல்கஹாலும் சேர்ந்தது. ஆல்கஹால் விரைந்து கிருமிகளைக் கொல்லும். குளோர்ஹெக்சிடின் தோலில் தங்கி நெடுநேரம் காக்கும். ஆயினும் சில பாக்டீரியாக்களின் விதை போன்ற வித்துகளை இம்மருந்து அழிப்பதில்லை.

இதன் நன்மைக்கு நேபாளம் சான்று. அந்நாட்டில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தொப்புள்கொடியை இம்மருந்தால் துடைத்த பச்சிளங்குழந்தைகளின் இறப்பு, அவ்வாறு துடைக்கப்படாதவர்களைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் தொப்புளுக்குரிய அதே மருந்தைக் கண் மருந்தென மயங்கிக் கண்ணில் இட்டு, குழந்தைகளின் பார்வை கெட்ட நிகழ்வுகளும் சில நாடுகளில் நேர்ந்தன. கண்ணிலும் காதின் உட்புறத்திலும் இது படவே கூடாது. அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் உண்டாகும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

வீட்டில் இருவகைப் புட்டிகளும் இருப்பின் வெவ்வேறு இடங்களில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திடுக.

பிள்ளைகளிடம் கேட்க மூன்று வினாக்கள்:
1. இம்மருந்து பாக்டீரியாவை ஈர்ப்பது எதனால்?
2. பற்பசைக்குப் பின் அரைமணி நேரம் காத்திருப்பது ஏன்?
3. தோலுக்குரிய புட்டியையும் வாய்க்குரிய புட்டியையும் எவ்வாறு பிரித்தறிவாய்?

மூன்றாம் வினாவிற்கு விடை புட்டியின் மேலேயே அச்சிடப்பட்டுள்ளது. அதனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாமும் உடன் படிப்போம்.