நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்கள் உள்ள வீட்டுக்கு

எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுகிறார், சாப்பிட்டதும் சாய்ந்துவிடுகிறார், கரும்புக்கு வெட்டு ஆர்டர் வந்தால்கூட முகத்தில் சந்தோஷமில்லை. அண்ணாகிராமம் ஒன்றியத்துக் கிராமங்களில் 45, 50 வயதுக்காரர் இருக்கும் வீடுகளில் இது சகஜமான புகார். உடனே ‘ஹார்மோன் குறைஞ்சுபோச்சு’ என்று முடிவுகட்ட வேண்டாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 40 வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு சதவீதம் என்ற அளவில் மெதுவாகத்தான் இறங்கும். 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைப் பார்த்தார்கள். அறிகுறியும் ஹார்மோன் குறைவும் சேர்ந்திருந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். ஆகவே முதலில் தூக்கம், தொப்பை, சுகர் இவற்றைக் கவனியுங்கள்.

1. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போட எழுந்து ஓடுகிறவரா? நெய்வேலியில் நைட் ஷிஃப்டா? டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் சுரக்கிறது. இளைஞர்களையே ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு சிகாகோவில் சோதித்தார்கள். 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது. செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. கொல்லைக்கு நடக்கும் நடையாவது மிச்சம். ஷிஃப்ட்காரருக்குப் பகலில் ஜன்னலுக்குக் கனத்த துணி. அவர் தூங்கும் நேரத்தில் டி.வி. சத்தம் வேண்டாம்.

2. குறட்டை நடுவில் நின்று, மூச்சுத் திணறி, மறுபடி தொடங்குகிறதா? அதைக் கேட்பது பக்கத்தில் படுப்பவர்தான், குறட்டை விடுகிறவருக்கே தெரியாது. போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

3. தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க விடாதீர்கள், எல்லோரும் பிடிப்பார்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. தொப்பைக் கொழுப்பு, ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும்.

4. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள்; வரும்போது ஆம்பிளைகள் வயலில் இருப்பார்கள். அடுத்து எப்போது வருவார்கள் என்று கேட்டுவைத்து, அன்றைக்கு அவரை உட்கார வையுங்கள். ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குப் பல வருடத்தில் பி12 குறையலாம். சோர்வு, மறதி, கால் மரத்துப்போவதெல்லாம் அதனாலும் வரும். தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. அது பெண்களுக்கு மட்டுமான வியாதி இல்லை.

5. பலா சீசனில் சுகர்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு சுளை சுளையாக முழுங்க வேண்டாம். இரண்டு மூன்று சுளை, அதுவும் அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொண்டு. முந்திரி ஒரு கைப்பிடி போதும்.

6. அலுப்பு தீரக் குடிக்கிறேன் என்பார். சாராய வகை எதுவானாலும் சட்டென்று தூக்கம் வரும், நடு ராத்திரியில் கலைந்துவிடும். மறுநாள் எரிச்சல் கூடும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

7. ஆண்களின் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது; கோபமாக, குடியாக, யாரோடும் சேராமல் ஒதுங்குவதாக வரும். “உங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்று எதிரில் நின்று கேட்டால் சண்டைதான். மாட்டைக் கட்டும்போதோ பைக்கில் போகும்போதோ, “ரெண்டு மாசமா நீங்க சரியாத் தூங்கலீங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். இதே வயதில் வீட்டம்மாவுக்கும் மாதவிடாய் நிற்கும் தொல்லை இருக்கும், அதை அவரும் கேட்க வேண்டும். இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். “இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு வந்தால் விளையாட்டாக விடாதீர்கள், தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றி, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராப்பகலாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

8. தாம்பத்தியத்தில் தளர்ச்சி தொடர்ந்து இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு நெஞ்சுவலியாகத் தெரிவதற்குச் சில வருடம் முன்பே இப்படித் தலைகாட்டுவதுண்டு. பி.பி., சுகர், கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்க்க இது போதுமான காரணம்.

9. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் போஸ்டரை நம்பி லேகியம் வாங்க வேண்டாம். இத்தகைய சரக்குகளில் விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் மருந்து கலந்திருந்தது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் அதைத் தின்றால் பி.பி. தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

10. இத்தனையும் பார்த்த பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட். பண்ருட்டியோ கடலூரோ, காலை 7-லிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும்; சாயங்காலம் எடுத்தால் அளவு குறைவாகவே காட்டும். காய்ச்சல் சமயத்திலும் எடுக்கக் கூடாது. குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் காலையில் திரும்ப எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்கிறவரிடம், ஊசிக்கு முன் புராஸ்டேட்டும் ரத்த அடர்த்தியும் பார்க்க வேண்டாமா என்று கேளுங்கள். இன்னும் குழந்தை வேண்டும் என்றிருப்பவர் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடியது.