விலை கூடிய சலவைத்தூளா, மலிவானதா? தினத் துணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மளிகைக் கடையில் கிலோ எண்பது ரூபாய்க்கும் சலவைத்தூள் கிடைக்கிறது, இருநூறைத் தாண்டியும் கிடைக்கிறது. புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்களும் விடுதியை விட்டு வாடகை அறைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் அம்மா வாங்கியதையே வாங்குகிறார்கள், அல்லது விளம்பரத்தில் பார்த்ததை எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அன்றாடம் உடுத்தும் துணியில் பெரும்பகுதிக்கு மலிவான தூளே போதும். ஆனால் உங்கள் வீட்டில் எது மலிவு என்பது பாக்கெட்டின் விலையைப் பார்த்தால் தெரியாது. குழாயில் வரும் தண்ணீர், துணியில் ஏறும் அழுக்கு, துவைக்கிறவரின் கை ஆகிய மூன்றையும் பார்த்தால்தான் தெரியும்.

இந்த விலை இடைவெளி எப்படி வந்தது

1959இல் இந்துஸ்தான் லீவர் சர்ஃப் தூளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் பார் சோப்புதான். 1969இல் அகமதாபாத்தில், குஜராத் அரசின் துறை ஒன்றில் வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல் வீட்டிலேயே தூள் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். அதுதான் நிர்மா. சர்ஃப் விற்ற விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அது கிடைத்தது. தூள் என்றாலே பணக்கார வீட்டுச் சமாச்சாரம் என்ற நிலை அதோடு மாறியது. இந்துஸ்தான் லீவர் 1980களில் வீல் என்ற மலிவு வகையை இறக்கி அதற்குப் பதில் கொடுத்தது.

இன்று சர்ஃப் எக்ஸல், ரின், வீல் மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. ஏரியலும் டைடும் இன்னொரு நிறுவனத்துடையவை. ஆகவே விலை குறைவாக இருப்பதால் யாரோ பேர் தெரியாதவர் செய்தது என்று நினைக்க வேண்டியதில்லை. கலவை வேறு, அவ்வளவுதான்.

படி 1: பாக்கெட்டுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

எண்ணெய்ப் பிசுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரில் மிதக்கவிடும் பொருள்தான் எந்தத் தூளுக்கும் உயிர். இதற்கான மூலப்பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் அது தயாராகிறது. அதைக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் வரும் கெட்டியான பழுப்புத் திரவத்தைத்தான் சிறு தயாரிப்பாளர்கள் ஆசிட் ஸ்லரி என்கிறார்கள். மலிவுத் தூளிலும் இதுதான் இருக்கிறது, விலை கூடிய தூளிலும் இதுதான் இருக்கிறது. அளவு மட்டுமே கூடும், குறையும்.

அடுத்தது சோடா சாம்பல். தூத்துக்குடியில் இதற்கென்றே ஆலை உண்டு. ஆலைகள் வருமுன் நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணின் காரமும் இதே வகைதான். அழுக்கை நன்றாக அறுக்கும், விலையும் குறைவு. அதனால் மலிவுத் தூளில் சோடாவின் பங்கு அதிகம். மீதி இடத்தை உப்பு, சோடியம் சல்பேட், சில தூள்களில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் மாவு ஆகியவை நிரப்புகின்றன. இந்தக் கல் மாவு எதையும் துவைக்காது. எடையைக் கூட்டும், அவ்வளவுதான்.

விலை கூடிய தூளில் கூடுதலாக இருப்பவை என்சைம்கள், பிரிந்த அழுக்கு மறுபடி துணியில் படியாமல் தடுக்கும் பொருட்கள், தண்ணீரின் கடினத்தைக் கட்டிப்போடும் பொருட்கள், வெண்மை காட்டும் சாயம், வாசனை. இவற்றில் முதல் மூன்றுக்குக் காசு கொடுப்பது நியாயம். வெண்மைச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடுகிறது. துணி பளிச்சென்று தெரியும், அழுக்கு போயிருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளை வேட்டி, சட்டைக்கு அது வேண்டுமானால் சரி, கலர் துணிக்குத் தேவையே இல்லை.

நுரையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். நுரை வருவது வேறு, அழுக்கு போவது வேறு.

படி 2: உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையும் மற்றதில் துவைக்கிற தண்ணீரையும் பாதியளவு ஊற்றுங்கள். குளிக்கிற சோப்பைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு மூடிக் குலுக்குங்கள். ஆர்.ஓ. தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும். துவைக்கிற தண்ணீர் நுரைக்காமல் வெண்மையாகத் திரிந்து மேலே ஆடை கட்டினால் அது கடினத் தண்ணீர்.

சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான் இந்தக் கடினத்துக்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை மொத்தக் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை விடுகிறது. ஆழ்துளைக் கிணறுகளில் இதையும் தாண்டி வரும் தண்ணீர் உண்டு.

கடினத் தண்ணீரில் தூளின் ஒரு பங்கு அழுக்கிடம் போவதற்கு முன்பே சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகிறது. மலிவுத் தூளில் உள்ள சோடா அந்தச் சுண்ணாம்பை மாவாகப் படியவைக்கிறது. அந்த மாவு நூலிழைகளுக்குள் போய் உட்காரும். துண்டு சொரசொரப்பதும் வெள்ளை வேட்டி மெல்லச் சாம்பல் நிறம் ஏறுவதும் பல வீடுகளில் இதனால்தான். அங்கே தூளைக் கூட்டிப் போட்டுக்கொண்டே போவது தீர்வு ஆகாது. கடினத்தைக் கரைசலிலேயே கட்டிப்போடும் விலை கூடிய வகை, கொடுத்த காசுக்கு வேலை செய்வது இந்த இடத்தில்தான். சிறுவாணி போன்ற மலைத் தண்ணீரோ மழைநீர்த் தொட்டியோ இருக்கிற வீட்டில் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

படி 3: அழுக்கைப் பிரியுங்கள்

ஒரு நாள் உடுத்திய சேலை, நைட்டி, லுங்கி, பனியன் இவற்றில் இருப்பது வியர்வை, உடம்பு எண்ணெய், தூசி. அரை மணி நேரம் ஊறவைத்தால் மலிவுத் தூளே எடுத்துவிடும். காலரிலும் கைமடிப்பிலும் தலையணை உறையிலும் ஏறும் எண்ணெய்ப் பிசுக்குக்கு, ஊறவைக்கும் முன் துணி சோப்பை ஈரத்தில் தேய்த்துவிட்டுப் பத்து நிமிடம் விடுவதுதான் சிறந்தது. இதற்கு எந்த விலை கூடிய தூளும் ஈடில்லை என்பது என் எண்ணம்.

இரத்தம், முட்டை, பால், குழந்தை கக்கியது ஆகியவை புரதக் கறைகள். கஞ்சி, சோறு, குழம்பின் கெட்டி ஆகியவை மாவுக் கறைகள். என்சைம் உள்ள தூளின் பலம் இங்கேதான் தெரியும். புரதத்தை ஒரு என்சைமும் மாவை இன்னொன்றும் துண்டு துண்டாக வெட்டிவிடும். அவற்றுக்குப் பிடித்த வெதுவெதுப்பு நம் ஊர்த் தொட்டித் தண்ணீரிலேயே இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்சைம் செத்துவிடும், இரத்தக் கறையும் துணியில் வெந்து ஒட்டிக்கொள்ளும். ப்ளீச்சிங் திரவத்தையும் இந்தத் தூளோடு கலக்காதீர்கள். என்சைமுக்கு வேண்டியது நேரம். தூளைக் கரைத்துத் துணியைப் போட்டவுடனே கசக்கிப் பிழிபவர், அதற்காகக் கொடுத்த கூடுதல் விலையைச் சாக்கடையில் விடுகிறார்.

சாம்பார்க் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும். அலசி வெயிலில் காயப்போட்டால் அந்தக் கறை தானே வெளுக்கும். இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

படி 4: கிலோ விலையை விட்டுவிட்டு வாளிக் கணக்குப் பாருங்கள்

இப்போது பாக்கெட்டிலேயே கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பத்து ரூபாய்ப் பாக்கெட் வாங்குபவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். விலை பத்தாகவே நிற்க, உள்ளே கிராம் குறைவது நடக்கிற விஷயம்.

அடுத்து, நீங்கள் ஒரு வாளிக்கு உண்மையில் எவ்வளவு போடுகிறீர்கள் என்று அளந்தாக வேண்டும். தராசு இல்லாவிட்டால், எடை போட்டிருக்கும் சின்னப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணி வகுத்துக்கொள்ளலாம். கையால் அள்ளிப் போடும் வீடுகளில் தூள் தேவைக்கு மேல் போகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிலோ ₹80 தூளை வாளிக்கு 80 கிராம் போட்டால் ₹6.40. கிலோ ₹200 தூளை 40 கிராம் போட்டால் ₹8. கடையில் இரண்டரை மடங்காகத் தெரிந்த வித்தியாசம் வாளியில் ₹1.60 ஆகிவிட்டது. மலிவுத் தூளுக்கு ஒரு அலசல் கூடுதலாகத் தேவைப்பட்டால் இன்னும் ஒரு வாளித் தண்ணீர். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டிலும், குடத்தில் தூக்கி வருகிற வீட்டிலும் அந்த வாளிக்கு ஒரு விலை இருக்கிறது. அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். அதே நேரம், விலை கூடிய தூளையும் பழைய பழக்கத்தில் 80 கிராம் அள்ளிப் போட்டால் வாளிக்கு ₹16 ஆகும். அப்போது அது வெறும் விரயம்.

படி 5: ஒரே துணியில் இரண்டையும் பாருங்கள்

பழைய வெள்ளை வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தேங்காய் எண்ணெய், டீ, குழம்பு, செம்மண் இவற்றை ஒரே அளவில் தேய்த்து ஒரு இரவு விடுங்கள். இரண்டு வாளியில் ஒரே அளவு தண்ணீர் எடுத்து, ஒரே எடைக்குத் தூள் போடாமல் ஒரே காசுக்குப் போடுங்கள். அரை மணி ஊறல், ஒரே மாதிரிக் கசக்கல், ஒரே எண்ணிக்கை அலசல். நிழலில் உலர்த்திப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றாவது துண்டை வெறும் தண்ணீரில் மட்டும் துவைத்து வையுங்கள். தண்ணீரே எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்தால்தான் தூளின் பங்கு தெரியும்.

கடைசி அலசல் தண்ணீரில் விரலை விட்டுப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் தூள் இன்னும் துணியில் இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்கி ஒரு மணி நேரம் வைத்தால், அடியில் மணல்போல் உட்காருவது பெரும்பாலும் நிரப்புப் பொருள்தான். ஆனால் நல்ல தூள்களில் கடினத்தை எடுக்கச் சேர்க்கும் ஜியோலைட்டும் கரையாது. அது மெல்லிய கலங்கலாக இருக்கும். கலங்கலைப் பார்த்ததுமே மட்டம் என்று ஒதுக்காதீர்கள், அடியில் தட்டுப்படுகிற நறநறப்பைப் பாருங்கள்.

படி 6: மெஷின் வைத்திருந்தால்

முன்பக்கம் கதவுள்ள மெஷினில் கைத்துவைப்புக்கான தூளைப் போடவே கூடாது. அது துணியைத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது, நுரை நிறைந்தால் துணி மெத்தைமேல் விழுந்ததுபோல் விழும், அழுக்கு போகாது. நுரை குறைந்த வகையே அதற்கு. மேல்பக்கம் திறக்கும் மெஷினில் மலிவுத் தூளைப் போடலாம், வாளியில் கரைத்து ஊற்றினால் துணியில் திட்டுத் திட்டாக ஒட்டாது. லிக்விட் நன்றாகக் கரையும், காரமும் குறைவு. செம்மண்ணுக்குத் தூள் மேல்.

படி 7: துவைக்கிறவர் கையைக் கேளுங்கள்

விலையை ஒப்பிடும்போது பலர் சேர்க்காத செலவு இது. சோடா மிகுந்த தூள் தோலின் எண்ணெயை உரித்துவிடும். விரல் இடுக்கு வெடிப்பு, உள்ளங்கை எரிச்சல், மிளகாய் கிள்ளினால் தாங்க முடியாத காந்தல் எல்லாம் அதனால் வரும். தினமும் கையால் துவைக்கிற வீட்டில் காரம் குறைந்த தூளுக்குக் கொடுக்கும் காசு ஆடம்பரம் இல்லை. வேலைக்கு வரும் அக்கா துவைக்கிறார் என்றால், எந்தத் தூள் கையை எரிக்கிறது என்று அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வதை வாங்குங்கள். நீங்கள் ஒரு வீட்டுத் துணிதான் துவைப்பீர்கள், அவர் நாலு வீட்டுத் துணி துவைக்கிறார். கையுறையும் வாங்கிக் கொடுங்கள். தூளைக் கையால் கலக்காமல் குச்சியால் கலக்கி, முழுக்கக் கரைந்த பிறகு துணியைப் போடுவது எந்தத் தூளுக்கும் நல்லது.

பிறகு என்ன வாங்குவது

நல்ல தண்ணீர் வருகிற வீட்டுக்கு என் பரிந்துரை: தினத் துணிக்கு மலிவுத் தூள் ஒரு கிலோ, காலருக்கு ஒரு துணி சோப்பு, கறைத் துணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் குழந்தைத் துணிக்கும் என்சைம் உள்ள தூள் சின்னப் பாக்கெட் ஒன்று. கடினத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு, கடினத்தைக் கட்டிப்போடும் நடுத்தர விலைத் தூள் ஒன்றே எல்லாவற்றுக்கும். எடை அச்சிடாத லூஸ் பவுடர், கேனில் ஊற்றித் தரும் லிக்விட் இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லாததால் நான் பரிந்துரைப்பதில்லை.

பட்டுக்கும் கம்பளிக்கும் மலிவுத் தூளும் ஆகாது, என்சைம் தூளும் ஆகாது. பட்டும் கம்பளியும் புரத நூல்கள். புரதக் கறையை வெட்டும் என்சைம் பட்டு நூலையும் வெட்டும், சோடாவும் அதைக் கெடுக்கும். காரமில்லாத, என்சைம் இல்லாத தனி லிக்விட் போதும்.

துவைத்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுகிற வீடுகளில் முதல் வாளியைச் சாக்கடைக்கே அனுப்புங்கள். சோடாவும் உப்பும் சேரச் சேர மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் போகும். இரண்டாவது, மூன்றாவது அலசல் தண்ணீரை விடலாம், அதையும் ஒரே மரத்தடியில் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும்.