நாயைக் காணோமா? சிறுத்தை என்று முடிவுகட்டும் முன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டு நாயைக் காணவில்லை என்றால் ஊரில் முதலில் வரும் சொல் "சிறுத்தை". எங்கள் செவலையைக் காணாத அன்றும் அப்படித்தான். ஐப்பசி மழை விட்ட காலை. முந்தின இரவு தட்டில் வைத்த சோறு அப்படியே ஊறிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் வந்து பார்த்துவிட்டு, "சிறுத்தைதான் தம்பி. இனிமே தேடிப் பிரயோஜனம் இல்ல" என்றார். அரை நாள் தேடினோம். அப்புறம் விட்டுவிட்டோம்.

ஆறாம் நாள் கொழுந்து பறிக்க வந்த பெண்கள் சொல்லியனுப்பினார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழே, காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்த சுருக்கில் செவலை செத்துக் கிடந்தது. பைக் கிளட்ச் வயர். இடுப்பில் இறுகியிருந்தது. கம்பி எட்டிய தூரம் வரைக்கும் மண்ணைப் பிறாண்டி அரைவட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. வாய்க்கு எட்டிய தேயிலைச் செடியில் அடித்தண்டுப் பட்டையைக் கடித்து உரித்திருந்தது. ஒரு ராத்திரியில் நடந்த காரியமாக அது தெரியவில்லை. நாங்கள் தேடுவதை நிறுத்திய பிறகும் அது அங்கே உயிரோடு இருந்திருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து மணி என்ற நாயை உண்மையிலேயே சிறுத்தை கொண்டுபோனது. அதிலும் தவறு எங்களுடையதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டிலும் பட்டறிந்ததையும், வனக் காவலர்களும் கால்நடை மருத்துவர்களும் சொல்லித்தந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். காட்டோரத்தில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

இரவில் காணவில்லை என்று தெரிந்தால்

டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்காதீர்கள். சிறுத்தைக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. இடுப்புயரச் செடிக்குள் படுத்திருக்கும் காட்டுமாடு பத்தடிக்கு வரும்வரை கண்ணில் படாது. நன்றாக வளர்ந்த கடா ஆயிரம் கிலோவைத் தொடும். மிரண்டு எழுந்தால் விலக வழி இருக்காது. கரடி அதைவிட மோசம், திடீரென்று எதிர்ப்பட்டால் முகத்தைத்தான் கிழிக்கும். நாயைத் தேடிப் போன மனிதரைத் தேடும்படி ஆகிவிடக் கூடாது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை இருக்கின்றன. வெளி விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். கேட்டைத் திறந்து வையுங்கள். பல நாய்கள் நள்ளிரவுக்கு மேல் தானாக வந்து பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, திரும்பிப் போய்விடுகின்றன. அது படுக்கும் சாக்கையும் நீங்கள் போட்டு அழுக்கான சட்டை ஒன்றையும் திண்ணையில் போட்டு வையுங்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, ஒரு நிமிடம் முழுதாகப் பேசாமல் நின்று காது கொடுங்கள். பதற்றத்தில் நாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம், பதிலைக் கேட்பதே இல்லை.

பக்கத்து வீடுகளுக்குப் போன் செய்து, ஏதாவது சத்தம் கேட்டதா, எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும். அதனால் ஒரே ஒரு வீறல், பிறகு நிசப்தம். நெடுநேரம் குரைத்துக்கொண்டு தூரமாகப் போயிருந்தால் அது பெரும்பாலும் வேறு கதை: பன்றியைத் துரத்தியிருக்கலாம், வேறு நாய்க் கூட்டத்தோடு சண்டையாக இருக்கலாம். கேளையாடோ கடமானோ அந்த நேரத்தில் விட்டுவிட்டுக் கத்தியிருந்தால் பெரிய மிருகம் ஒன்று நடமாடியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விடிந்த பிறகு

வெயில் ஏறிய பின் மூன்று பேராவது சேர்ந்து போங்கள். ஆளுக்கொரு தடி, விசில், நிறைந்த சார்ஜோடு போன், ஒரு சாக்கு, ஒரு கட்டிங் பிளேயர். கடைசி இரண்டும் சுருக்குக்காக. வீட்டைச் சுற்றி முதலில் சின்ன வட்டம், பிறகு அதைவிடப் பெரிய வட்டம் என்று போக வேண்டும். நாங்கள் நேராக ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த சோலைக்குப் போனோம். காலடியில் இருந்த பந்தலைப் பார்க்கவில்லை.

உண்ணிச்செடிப் புதர், கால்வாய்க் குழாய், பாதி கட்டி நிற்கும் வீடு, விறகுக் கொட்டகை, வேலியில் பன்றி நுழையும் சந்து, எதையும் விடாதீர்கள். சமவெளிக்காரர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணற்றை. நாய் நீந்தும், ஆனால் ஏறத் தெரியாது. உள்ளே இருந்தால் நீங்கள் இறங்காதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சுருக்கில் மாட்டிய நாயைக் கண்டால் ஓடிப்போய்க் கம்பியை இழுக்காதீர்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். சாக்கைத் தலைமேல் போட்டு ஒருவர் அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் மரத்தில் கட்டியிருக்கும் முனையில் வயரை வெட்ட வேண்டும். சதைக்குள் பதிந்த கம்பியைப் பிடுங்க வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். சுருக்கில் இருப்பது காட்டு மிருகமென்றால் வந்த வழியே பின்வாங்கி வனத்துறைக்குச் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது.

வாய் கிழிந்து, தாடை உடைந்து கிடக்கும் நாய்களையும் பார்த்திருக்கிறேன். அது அவுட்டுக்காய். பன்றியைக் கொல்லத் தின்பண்டத்துக்குள் பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. யானைக் குட்டிகள்கூட அதைக் கடித்துப் பட்டினியில் செத்திருக்கின்றன. வயலில் சந்தேகமான உருண்டை எதையும் காலால் தட்டாதீர்கள், கையில் எடுக்காதீர்கள். சுருக்கும் வெடியும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வைத்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சொல்லிவிடுங்கள். செவலையின் கம்பியை வைத்தது யார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஊரில் சிலருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆண் நாயாக இருந்து, கருத்தடையும் செய்யாமல், மாதமும் மார்கழியாக இருந்தால் மூன்று நான்கு நாள் வீட்டையே மறந்து திரியும். தீபாவளி வெடிக்கு மிரண்ட நாய் இரண்டு மலை தாண்டிப் போயிருக்கும். பயந்த நாய் சொந்த எஜமானின் குரலுக்கும் வராது. துரத்தாதீர்கள். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, கருவாடோ முட்டையோ வைத்துக் காத்திருங்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் தெளிவான படம், பெல்ட் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம் போடுங்கள். பால்காரர், பள்ளி ஜீப் ஓட்டுநர், கொழுந்து மேஸ்திரி ஆகிய மூவரிடமும் நேரில் சொல்லுங்கள். விடியலில் எல்லா வழியிலும் போகிறவர்கள் அவர்கள். எங்கோ எடுத்த பழைய சிறுத்தை வீடியோவை "நம்ம ஊரு" என்று மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம். உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஏழு நாளாவது தேடுங்கள். என் கணக்கில் இதுதான் முதல் விதி.

தடயம்

மணி போன இரவு, மூன்று மணிக்கு ஒரே ஒரு வீறல் கேட்டது. காலையில் திண்ணையில் சங்கிலி நீளமாகக் கிடந்தது. அதன் முனையில் பெல்ட், கொக்கி போட்டது போட்டபடி, உள்ளே கழுத்து மட்டும் இல்லாமல். குழாயடிச் சேற்றில் ஒரு கால்தடம். அம்மா அதன்மேல் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்தார். பத்து மணிக்கு வந்த வனக் காவலர் கூடையைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா, மழையில போயிருக்கும்" என்றார்.

அவர் காட்டித்தந்தது இது. நாயின் தடத்தில் நகம் பதியும், தடம் நீளவாக்கில் இருக்கும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி இருக்காது. தடம் உருண்டையாக, உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகப் பதியும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்தால் அளவு தெரிந்துவிடும். செந்நாயின் தடம் நம் நாயினுடையதைப் போலவே இருக்கும், அதில் ஏமாற வேண்டாம். சீகூர் பக்கம் கழுதைப்புலியும் உண்டு. அதற்கு முன்னங்கால் தடம் பின்னங்காலினதைவிடப் பெரிது, நகமும் பதியும்.

இழுத்துப்போன கோடோ ரத்தத் துளியோ புதருக்குள் போனால், அங்கேயே நில்லுங்கள். சிறுத்தை இரையை மறைத்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கும், மறுபடி தின்ன வரும். அந்த உடல் நமக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தாலும் எடுக்கப் போகாதீர்கள். அம்மாவைத் தடுத்து நிறுத்த அன்று எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

சிறுத்தைதான் என்று உறுதியானால்

வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். நாய்தானே என்று விட்டுவிட்டால் சிறுத்தை எந்தப் பாதையில் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகும். அதே பாதையில்தான் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அந்தி முதல் விடியல்வரை சிறுவர்களைத் தனியாக வெளியே விடாதீர்கள். வெளியில் கழிப்பறை உள்ள வீடுகளில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கூட்டம் கூட்டாதீர்கள். 2023 தீபாவளி நேரத்தில் குன்னூரில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்டது. ஆறு பேர் காயப்பட்டார்கள், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. சிறுத்தை பின்னர் தானாகவே வெளியேறிப் போனது. அடைபட்ட சிறுத்தைக்கு ஒரு வழியும் கொஞ்சம் இருட்டும் அமைதியும் கிடைத்தால் போய்விடும். கல்லும் பட்டாசும் செல்ஃபியும் அதைத் திருப்பி நம்மேல் பாய வைக்கும்.

விஷம் வேண்டவே வேண்டாம். அதே 2023இல் செப்டம்பர் மாதம் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டை அடித்த கோபத்தில் அதன் உடலில் பூச்சிமருந்து தெளித்திருந்தார்கள். மாட்டுக்காரர் கைதானார். மாட்டை இழந்த அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த மருந்து யார் தின்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. காக்கை, நரி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அதில் வாய் வைக்கும்.

அடுத்த நாய்க்கு

மகாராஷ்டிரத்தில் அகோலே வட்டத்தில், கரும்புக் காட்டிடையே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தார்கள். தின்ற இரையின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம், ஆட்டைவிட அதிகம். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, அதைக் காக்க நாயை வெளியே விட்டுவிடுகிறோம். நாய்தான் கைக்கெட்டுகிறது.

ஆகவே இரவில் நாயைச் சங்கிலியில் கட்டாதீர்கள். மணி விஷயத்தில் நாங்கள் செய்த தவறு இதுதான். அவிழ்த்துவிட்ட நாய்க்காவது ஓட முடியும், திண்ணையில் கட்டிய நாய் தட்டில் வைத்த சோறு மாதிரி. ஓடிவிடுமோ, யாரையாவது கடித்துவிடுமோ என்றால் வீட்டுக்குள் விடுங்கள். இடமில்லை என்றால் தகரம் அடித்த கூண்டு; நான்கு புறமும் மேற்புறமும் கெட்டிக் கம்பிவலை, கீழே சிமெண்ட், தாழ்ப்பாள் வெளியே. மேற்புறத்தைத் திறந்து விட்ட கூண்டு கூண்டே இல்லை, சிறுத்தை ஏறி இறங்கும். இருட்டும் முன் அடைத்து, நன்றாக வெளுத்த பிறகு திறந்துவிடுங்கள். "நாய் உள்ளே இருந்தால் காவல் எப்படி?" என்று கேட்பார்கள். உள்ளிருந்தும் அது குரைக்கும், நாம் விழித்துக்கொள்வோம். அதற்குமேல் ஒரு நாயிடம் கேட்க நமக்கு நியாயமில்லை.

இமாசலத்தில் கத்தி (Gaddi) என்னும் இடையர்கள் தங்கள் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுகிறார்கள். கழுத்துப் பிடியிலிருந்து அது காக்கும். மலையில் மந்தையோடு படுக்கும் நாய்க்கு அது சரி. வீட்டு நாய்க்கு அதைவிடக் கதவு நல்லது.

கோழிக்கழிவை ரோட்டோரம் கொட்டுகிறவர்களைக் கேள்வி கேளுங்கள். கழிவுக்கு நாய்க்கூட்டமும் பன்றியும், அவற்றுக்குச் சிறுத்தையும் வரும். வீட்டைச் சுற்றி இருபதடிக்குப் புதரை வெட்டி வையுங்கள். கருத்தடை செய்யுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

திரும்பி வந்துவிட்டால்

கட்டிப்பிடித்துக் கொஞ்சும் முன் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு கழுத்தையும் பிடரியையும் மயிரை விலக்கிப் பாருங்கள். சிறுத்தைப் பல்லின் துளை வெளியே பயறு அளவுதான் இருக்கும், உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் கட்டும். மஞ்சளைக் குழைத்து அடைத்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி பற்றியும் கேளுங்கள், ஏற்கெனவே போட்டிருந்தாலும். முள்ளம்பன்றி முள் இருந்தால் வெட்ட வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அவர் எடுப்பார். நாயின் எச்சிலோ பல்லோ உங்கள் தோலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பல நாள் பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதல் நாளே கறிச்சோறு வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு உப்பில்லாத கஞ்சி, இரண்டு மணிக்கொரு தரம் ஒரு கை அளவு. இரவில் வீட்டுக்குள்ளேயே, அடுப்பங்கரைச் சூட்டில் ஒரு சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள். கதவைத் தாழ்போட மறக்காதீர்கள்.